ஹாலிவுட்டின் சீனத் துப்பறிவாளர் பாத்திரமான சார்லி சானின் படங்களில், அந்தச் சீனர் வேடத்தில் ஏன் சீன நடிகர் இல்லை?

நியாயமான கேள்வி. சீன நடிகர்கள் இல்லாமல் இல்லை. கதாநாயகனாக விடவில்லை, அவ்வளவுதான். 1926, 1927-இல் வந்த மௌனப் படங்களில் ஜப்பானிய நடிகர்கள் சானாக நடித்தார்கள், அதுவும் சிறிய வேடமாக. 1931-இல் சான் நாயகனானதும் வேடம் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்டுக்குப் போனது. அவருக்குப் பின் சிட்னி டோலர், அவரும் வெள்ளையரே.

ஒரே காட்சியில் அப்பா சானையும் மகனையும் கவனியுங்கள். ஓலண்ட் சொற்களை விழுங்கி, நிறுத்தி நிறுத்திப் பழமொழி பேசுவார். மகனாக வரும் கீ லூக், சீனாவில் பிறந்தவர், "பாப்!" (அப்பா) என்று அழைத்தபடி படபடவென அமெரிக்க இளைஞனாகவே பேசுவார். எனக்கு அந்தப் படங்களில் உயிரோடு தெரிவது அவர்தான்.

1940-இல் வந்த 'ஃபாண்டம் ஆஃப் சைனாடவுன்' படத்தில் அதே லூக், வோங் என்ற சீனத் துப்பறியும் நாயகனானார். அதற்கு முன் அந்த மிஸ்டர் வோங் வேடத்தைப் போட்டவர் வெள்ளைக்கார நடிகர் போரிஸ் கார்லாஃப்! லூக் நடித்த வோங் படம் அது ஒன்றோடு நின்றது.

கறுப்பின நடிகர் மேன்டன் மோர்லண்டின் நிலை இன்னும் வேதனை. 1940-களின் சான் படங்களில் கார் ஓட்டியாக வந்து, கண்களை உருட்டிப் பயந்து ஓடுவதே அவர் வேலை. நகைச்சுவையில் எத்தனை துல்லியமான டைமிங் அவருக்கு!