பிரஸ் மெஷினில் தம்பிக்கு விரல் போய்விட்டது: முதலாளி தருவதை வாங்கிக்கொள்வதா, வக்கீல் வைத்து நஷ்டஈடு கேட்பதா?

உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஆறு பேர் வேலை செய்யும் பட்டறை, 30 வயதுத் தம்பி, 2025 செப்டம்பரில் பவர் பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது, மாதம் 18,000 சம்பளம், இ.எஸ்.ஐ. கிடையாது, முதலாளி 75,000 தருகிறேன், இந்தத் தாளில் கையெழுத்துப் போடு என்கிறார், வக்கீலிடம் போனால் அதுவும் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கையெழுத்து வேண்டாம். தம்பியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

என் அண்ணனுக்கு இதே மாதிரி பிரஸ்ஸில் இடது கையில் மூன்று விரல் போனது. அந்தக் கேஸை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கூடவே இருந்து பார்த்தவள் நான். அதிலிருந்து தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். இந்தப் பணம் முதலாளி இரக்கப்பட்டுக் கொடுக்கிற பணம் இல்லை. சட்டத்தில் கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கில் யாரும் சண்டை போட முடியாது. சண்டையெல்லாம் மூன்று விஷயத்தில்தான்: அவர் அங்கேதான் வேலை செய்தாரா, என்ன சம்பளம், உழைக்கும் திறன் எவ்வளவு போனது. வக்கீல் தேவைப்படுவதும் அதற்குத்தான்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் தம்பிக்குப் பொருந்துவது 1923-ஆம் வருடத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். (2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது, ஆனால் உங்கள் விபத்து அதற்கு முன்னால் நடந்தது. கணக்குப் போடும் முறை புதியதிலும் பெரும்பாலும் இதேதான்.) மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும், வருவதில் ஊன சதவீதம் எவ்வளவோ அவ்வளவு. 30 வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுப்பார்கள், 2020 ஜனவரியிலிருந்து அதுதான் உச்சவரம்பு. ஒரே கையில் இரண்டு விரல் போனால் சட்டத்தின் அட்டவணையிலேயே 20 சதவீதம் என்று போட்டிருக்கிறது, மூன்று விரல் என்றால் 30, கட்டை விரல் மட்டும் போனாலே 30. ஆக 15,000-இல் 60 சதவீதம் 9,000, அதை 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820, அதில் 20 சதவீதம் 3,74,364 ரூபாய். அவர் 75,000 என்கிறார்.

இதோடு முடியவில்லை. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வருடத்துக்கு 12 சதவீதம் வட்டி சேரும், அந்தத் தொகைக்கு அதுவே வருடம் 44,900 ரூபாய்க்கு மேல். தக்க காரணம் இல்லாமல் இழுத்தடித்தார் என்று தெரிந்தால் இழப்பீட்டில் பாதி வரைக்கும் அபராதமும் போடலாம். ஆஸ்பத்திரிச் செலவு தனி. முதலாளி ஆபரேஷனுக்குக் கட்டிய பணத்தை “ஏற்கெனவே இவ்வளவு செய்துவிட்டேன்” என்று இழப்பீட்டில் கழிக்கப் பார்ப்பார், எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள், ஆனால் வேலையில் பட்ட காயத்துக்கு வைத்தியச் செலவை ஏற்பதும் அவருடைய கடமைதான். மருந்துக்கடை பில் உட்பட எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

ஆறு பேர் பட்டறைக்கெல்லாம் சட்டம் வருமா என்று ஒரு சந்தேகம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. வரும். மின்சாரத்தில் ஓடும் இயந்திரம் வைத்துப் பொருள் தயாரிக்கிற இடமாக இருந்தால் போதும், இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று கிடையாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்து, சம்பளமும் 21,000-க்குள் இருந்தால்தான் விஷயம் மாறும். அப்போது இ.எஸ்.ஐ. சட்டத்துக்குள் போய்விடும், முதலாளி பணம் கட்டாமல் ஏமாற்றியிருந்தால்கூட கேட்க வேண்டிய இடம் இ.எஸ்.ஐ. தான், இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது. நிஜமாகவே ஆறு பேர்தானா, பக்கத்து ஷெட்டில் அதே முதலாளிக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா என்று தம்பியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வக்கீலிடம் முதலில் சொல்ல வேண்டியதும் இதைத்தான்.

இப்போது ஆதாரம். இங்கேதான் கேஸ் நிற்பதும் விழுவதும்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது சூப்பர்வைசர். ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்களே, அடிபட்டவர் வந்ததும் டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேடு, அதில் “வீட்டில் கிரைண்டரில் கை மாட்டியது” என்று எழுதியிருந்தது. அண்ணன் மயக்கத்தில் இருந்தான், கூட வந்தவர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு வரியை வைத்து எதிர்த்தரப்பு கேஸையே உடைக்கப் பார்த்தது. எங்கள் வக்கீல் அம்மா என்ன செய்தார் என்றால், இரண்டு நாள் கழித்து அண்ணன் தானே பேசும்போது வார்டு டாக்டர் எழுதிய கேஸ் ஷீட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்தார். அதில் “கம்பெனி பிரஸ் மெஷின்” என்று தெளிவாக இருந்தது. அப்புறம் வெட்டுப்பட்ட விதத்தைப் பற்றி டாக்டரிடமே சாட்சியத்தில் கேட்டார், மூன்று விரலும் ஒரே நேர்கோட்டில் நசுங்கி அறுந்திருப்பது கிரைண்டரில் நடக்காது என்று அவர் சொன்னார். இதை நாங்களாக யோசித்திருக்கவே மாட்டோம். அதனால் தம்பியின் ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் உடனே வாங்கி என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். போலீஸில் புகார் கொடுக்கவில்லை என்றால் இப்போதாவது கொடுங்கள், தாமதத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்ததே காரணம் என்று எழுதலாம்.

வேலை செய்ததற்கு நியமனக் கடிதம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள், இந்த மாதிரி இடங்களில் யாருக்கும் இருக்காது. சம்பளம் ஜிபேயில் வந்திருந்தால் பேங்க் ஸ்டேட்மெண்ட் போதும். சூப்பர்வைசர் “நாளைக்கு நைட் ஷிப்ட் வா” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியது, பட்டறையில் எடுத்த போட்டோ, எல்லாமே ஆதாரம். இப்போது முதலாளி நீட்டுகிறாரே அந்தத் தாள், அதுவே ஆதாரம்தான். வேலை செய்யாதவனுக்கு யார் 75,000 கொடுப்பார்கள்? படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு காப்பி வாங்குங்கள், முடியாவிட்டால் போட்டோவாவது எடுங்கள்.

சம்பளத்தில் உஷாராக இருக்க வேண்டும். முதலாளி தரப்பு எப்போதும் குறைத்துத்தான் சொல்லும். 9,000 தான் கொடுத்தோம் என்று ஒரு ரிஜிஸ்டரைக் காட்டி அதை நிரூபித்துவிட்டால் உங்கள் 3,74,364 அப்படியே 2,24,618 ஆகிவிடும். பாதிச் சம்பளம் கையில், பாதி அக்கவுண்டில் என்று வாங்கியிருந்தால் கையில் வாங்கியதற்கு கூட வேலை செய்தவர் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாவது, சதவீதம். அட்டவணையில் 20 என்று இருக்கிறது, ஆனால் செய்கிற தொழிலைப் பார்க்க வேண்டும் என்று வாதாட இடம் உண்டு. 1976-இல் வெளியான பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கின் தீர்ப்பை வக்கீல்கள் இதற்கு எடுத்துக் காட்டுவார்கள். ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் நூறு சதவீத இழப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு விரலுக்கு நூறு கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வலது கைக்காரருக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போனால் என்ன செய்ய முடியாது என்பதை யாராவது கேட்டு எழுத வேண்டும். அண்ணனைப் பரிசோதித்த டாக்டர் மேஜையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுக்கச் சொன்னார், சட்டைப் பட்டனைப் போடச் சொன்னார், ஒரு ஸ்பேனரைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். மூன்றிலும் கை வழுக்கியது. அண்ணன் பார்த்த டூல் செட்டர் (மெஷினில் அச்சைப் பொருத்துகிற) வேலைக்கு இந்தக் கை உதவாது என்று சர்டிபிகேட்டில் எழுதினார், கேஸை விசாரித்த இழப்பீட்டு ஆணையர் அட்டவணையைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டார்.

எதிர்த்தரப்பு இன்னொன்றும் சொல்லும்: “அவனே பாதுகாப்பை எடுத்துவிட்டு ஓட்டினான்.” வேண்டுமென்றே பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றினால் இழப்பீடு மறுக்கலாம் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. கவனக்குறைவு என்பது அதில் வராது, வேலை செய்கிறவனுக்குக் கண் அசந்தது என்பதற்காக இழப்பீடு போகாது. அண்ணன் ஓட்டிய மெஷினில் இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய இரண்டு பட்டன் இருந்தது, இரண்டு கையும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே போகாது என்பதற்காக வைத்தது. உற்பத்தி வேகமாக வர வேண்டும் என்று ஒரு பட்டனை அழுத்தினபடியே டேப் சுற்றி ஒட்டியிருந்தார்கள். எல்லா மெஷினிலும் அப்படித்தான், ஓட்டுகிறவன் செய்ததில்லை என்று கூட வேலை பார்த்த ஒருவர் வந்து சொன்னார். அவர் சொல்லியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

வக்கீல் செலவுக்கு வருகிறேன். தொழிலாளர் வழக்கு பார்க்கிறவரிடம் போங்கள், எல்லா வக்கீலும் இதைச் செய்வதில்லை. பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். 1987-ஆம் வருடச் சட்டப்படி தொழிலாளிக்கும் மாற்றுத்திறனாளிக்கும் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியும் உங்கள் தம்பிக்காக ஆணையர் முன் ஆஜராகலாம், சில சங்கக்காரர்களுக்கு வக்கீல்களைவிட இந்தச் சட்டம் அத்துப்படி. வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று பேசும் வக்கீல் வேண்டாம், பார் கவுன்சில் விதியே அதை அனுமதிக்கவில்லை. பீஸ் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், பணம் தம்பியின் அக்கவுண்டுக்கே வர வேண்டும்.

கேஸ் போடுவது கோர்ட்டில் இல்லை, தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றும் இல்லை, தம்பி குடியிருக்கும் ஊரிலும் போடலாம். முதலாளி இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அந்தக் கம்பெனியையும் சேர்க்கச் சொல்லுங்கள், அப்போது பணம் வருவதும் சுலபம், முதலாளியின் கோபமும் பாதி தணியும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் அதைவிட நிறைய ஆகும், அதற்கு வீட்டில் எல்லாரும் தயாராக இருக்க வேண்டும். தீர்ப்புக்கு எதிராக முதலாளி உயர் நீதிமன்றம் போக நினைத்தால் முழுத் தொகையையும் முதலில் ஆணையரிடம் கட்டினால்தான் முடியும்.

சமாதானமாகப் போக விருப்பம் என்றாலும் வழி இருக்கிறது. ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை குறைவென்றால் அவர் பதிய மறுக்கலாம். பதியாத தாளில் “இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்” என்று எழுதி வாங்கினால் அது செல்லாது. யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு இதைப் படித்தால் அவர்களும் தைரியமாகக் கேஸ் போடலாம்.

உங்களுக்கு 2027 செப்டம்பர் வரை, அதாவது விபத்து நடந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அதை நம்பி உட்கார வேண்டாம். தம்பி பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர் வெளிமாநிலத்துக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வேலை மாறுவதற்குள், ஊருக்குப் போவதற்குள், அவருடைய நம்பர், சொந்த ஊர் முகவரி, அன்றைக்குப் பார்த்ததை அவர் வாயால் சொல்லும் ஒரு வீடியோ, மூன்றையும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். மெஷினையும் ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள், அவர் வேலைக்கு ஆபத்து வராது என்றால் மட்டும்.