பேராதனைக்குப் போகிறவர்கள் கேட்டவை

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு இந்த ஆண்டு தெரிவானவர்களும் அவர்களின் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. கலைப்பீடத்தில் படித்த பழைய மாணவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

வவுனியா மாணவி: பொறியியல் கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான். தொடக்கத்தில் திணறுவீர்கள், காலியிலிருந்து வரும் சிங்களப் பிள்ளையும் பக்கத்து இருக்கையில் அதே திணறலோடுதான் இருப்பார். சேர்ந்து படியுங்கள். அவரிடம் கொஞ்சம் சிங்களமும் பழகிக்கொள்ளுங்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு அருணாசலம் விடுதி கிடைக்கலாம் என்கிறார்கள். யார் இந்த அருணாசலம்?

சேர் பொன்னம்பலம் அருணாசலம். இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இலேயே இயக்கம் தொடங்கியவர். 1924 இல் மறைந்தார். பல்கலைக்கழகம் 1942 இல்தான் கொழும்பில் பிறந்தது. பேராதனைக்கு அது இடம்பெயர்ந்தது 1952 இல். அண்ணன் இராமநாதன் பெயரிலும் இங்கே ஒரு விடுதி உண்டு.

மட்டக்களப்பு மாணவர்: எங்கள் கூத்தைப் பேராதனையில் மேடையேற்றினார்களாமே?

ஆம். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1956 இல் சிங்கள நாடகாசிரியர் பேராசிரியர் சரச்சந்திர 'மனமே' நாடகத்தைத் தந்தார். அவர் எடுத்தாண்ட 'நாடகம்' என்ற சிங்களக் கிராமிய அரங்க மரபுக்கே வேர் தமிழ்க் கூத்தில் இருந்தது. சிங்கள அரங்கு அப்படித் தலைநிமிர்ந்தபோது, நம் கூத்து படித்தவர்கள் கண்ணில் படாமல் கிராமங்களில் கிடந்தது. தமிழ்த்துறையின் சு. வித்தியானந்தன் அதைக் கையில் எடுத்தார். பார்வையாளர் சுற்றி அமரும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடுவதை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்பச் சுருக்கினார். ஆட்டத்தையும் மத்தளத்தையும் விட்டுவிடவில்லை. 1960களில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' என்று வரிசையாக வந்தன. இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார். சுருக்கியதால் கூத்தின் உயிர் குறைந்தது என்று வாதிடுவோர் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. அன்று சுருக்காமலிருந்தால் நகரத்துப் பார்வையாளர் உட்கார்ந்தே இருக்கமாட்டார்கள்.

அவரே மீண்டும்: இன்று நாடகம் பார்க்க எங்கே போவது?

சரச்சந்திர திறந்தவெளி அரங்கு. மரங்களுக்கு நடுவே, சரிவில் படிப்படியாக இருக்கைகள். மொழி புரியாவிட்டாலும் ஒரு சிங்கள நாடகத்தையாவது அங்கே உட்கார்ந்து பாருங்கள்.

யாழ்ப்பாணத்துத் தாய்: பகிடிவதை (ராகிங்) நடக்குமா?

முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். 'சீனியர்கள் பகைத்துக்கொள்வார்கள்' என்று மகள் மறைத்தால் விடாதீர்கள். நிர்வாகத்திடம் எழுத்தில் முறையிடுங்கள்.

திருகோணமலை மாணவி: வளாகத்தில் கோயில் இருக்கிறதா? எழுதும் ஆர்வமும் உண்டு.

குறிஞ்சிக்குமரன் கோயில் இருக்கிறது. எழுத்துக்குத் தமிழ்ச் சங்கத்தைத் தேடிப் போங்கள். 'இளங்கதிர்' அவர்களுடைய இதழ். பழைய இதழ்களை நூலகத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: ரயிலில் வந்தால் எங்கே இறங்குவது?

வளாகத்துக்கு அருகில் சரசவி உயன நிலையம் இருக்கிறது. எல்லா ரயிலும் அங்கே நிற்காது. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.