பனி உருகியும் சக்கரம் புதைகிறதா? இன்னும் உழாதீங்க

பனி உருகிடுச்சு, உழலாமான்னு கேட்டிருக்கீங்க. ரோட்டவேட்டரை (டிராக்டர் பின்னாடி மாட்டி மண்ணைக் கிளறுற கருவி) இப்போ இறக்காதீங்க. மேல்மண் காய்ந்து தெரிந்தும் சின்ன டிராக்டரே புதைந்து தடம் விழுதுன்னு எழுதியிருக்கீங்க. பெரும்பாலும் அடியில் உறைஞ்ச மண் இன்னும் இளகியிருக்காது. உருகின தண்ணீர் கீழே இறங்க வழியில்லாம நடுவிலேயே தேங்கி நிற்கும்.

ஒரு மெல்லிய கம்பியை நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்க. பாறை மாதிரி தட்டினால் அடிமண் இன்னும் உறைஞ்சிருக்குன்னு அர்த்தம். கம்பி இறங்கினால், 15 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, கட்டைவிரலால் அழுத்துங்க. பொலபொலன்னு உதிர்ந்தால் பதம் வந்தாச்சு. களிமண் உருண்டை மாதிரி நசுங்கினால் இன்னும் சில நாள் பொறுக்கணும். மேட்டில் மட்டும் சோதிச்சுட்டு நம்பிடாதீங்க. பள்ளமும் நிழலும் உள்ள இடம்தான் கடைசியா காயும். அவசரப்பட்டு ஈரத்தில் உழுது, கோடை முழுக்க கட்டி உடைச்சவன் நான்.

அதுவரை கையால் செய்யற கிளை வெட்டு, ஆயில் மாற்றுவது, கிரீஸ் அடிப்பதை முடிச்சுடுங்க. ஜல்லிப் பாதையோட அடித்தளம் இறுகியதும் அதை முதலில் சமப்படுத்துங்க. லேசான ஈரம் இருந்தால்தான் ஜல்லி நல்லா படியும். விதைப்பு நிலம் அதுக்கப்புறம்தான்.

மணற்பாங்கான நிலம்னா இவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்காது. ஆனா எந்த மண்ணானாலும் டிராக்டர் முன்னாடி மாட்டுற லோடர் பக்கெட்டை நிரப்பிக்கிட்டு ஈர நிலத்தில் போகாதீங்க. பாரம் பெரும்பாலும் முன்சக்கரத்தில் விழும், சரிவில் ஆபத்தும்கூட.