விவசாயிகளின் நம்பிக்கை என்று பொருளாதாரச் செய்திகளில் சொல்வது எதை?

இந்தப் போகத்தில் போடும் காசு திரும்பி வரும் என்று விவசாயி எவ்வளவு தூரம் எதிர்பார்க்கிறார் என்பதைத்தான். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் மாதந்தோறும் 400 விவசாயிகளிடம் கேட்டு இதைச் சுட்டெண்ணாகவே வெளியிடுகிறது.

இலங்கையில் இதை நேரில் பார்க்க, வன்னியில் சிறுபோக (வறண்ட பருவ நெற்செய்கை) கூட்டத்துக்குப் போனாலே போதும். 36 அடி தண்ணீர் கொள்ளும் இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதுதான் முதல் பேச்சு. எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது அதைப் பொறுத்தது.

விவசாயி இப்படி வரப்போவதை எண்ணியே முடிவெடுக்கக் காரணம் எளிது. விதைநெல், உழவு, பசளை, டீசல் எல்லாவற்றுக்கும் காசு முதலில் போகிறது. நெல்லின் விலை மாதங்கள் கழித்தே தெரியவருகிறது. கடைக்காரர் கடன் கொப்பியில் எழுதுவதைப் போன்றது இது. வாங்குபவரின் இன்றைய சட்டைப்பையை அவர் பார்ப்பதில்லை, மாதக் கடைசியில் சம்பளம் வருமா என்றுதான் பார்க்கிறார். 2021இல் இரசாயனப் பசளைக்கு அரசு திடீரெனத் தடை போட்டது, நவம்பரில் நீக்கியது. தடை போன பிறகும், நாளைக்கு என்ன அறிவிப்பு வருமோ என்ற கலக்கம் இலேசில் போகுமா? (எனக்கே போகவில்லை.)

விளைச்சல் நன்றாக இருந்தால் நம்பிக்கை தானாக உயரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் அறுவடை செய்து, தார் வீதியோரம் நெல்லைக் காயப் போட்டிருக்கும்போதுதான் வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்கிறார்.