சூடானதும் நின்றுபோகும் அம்பாசடர்: கார்பரேட்டரில் கை வைக்கும் முன்

மன்னார்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: அப்பா வாங்கிய 1984 அம்பாசடர் மார்க் 4 பெட்ரோல் கார் என்னிடம் இருக்கிறது. காலையில் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகிறது. இருபது கிலோமீட்டர் ஓடியதும் இழுவை விட்டுப்போய், சைலன்சரில் 'டப் டப்' என்று வெடித்து நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்பரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. புதிதாகவே மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

வேண்டாம், பணத்தைச் செலவழிக்காதீர்கள். வெடிச்சத்தம் சைலன்சரில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்தால் அது மெதுவாக எரியும். அடுத்த முறை, கலவை உள்ளே வரும் இன்லெட் வால்வு திறக்கும்போதும் உள்ளே தீ அணைந்திருக்காது. அந்தத் தீ பின்னோக்கிப் பாய்வதால் கார்பரேட்டர் பக்கம் தும்முவதுபோல் சத்தம் வரும். சைலன்சரில் வெடிப்பது வேறு கதை. பெட்ரோல் உள்ளே போகிறது, ஆனால் தீப்பொறி விட்டுவிட்டு வருகிறது. எரியாத கலவை சூடான குழாயில் சேர்ந்து நிற்க, அடுத்து வரும் எரிந்த புகை அதைப் பற்றவைத்துவிடுகிறது. ஆகவே முதலில் சந்தேகப்பட வேண்டியது கரண்ட் பக்கத்தை.

இந்தக் கோளாறு வண்டி நின்ற அந்தச் சில நிமிடங்களில்தான் கண்ணில் படும். பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போவதற்குள் என்ஜின் ஆறிவிடும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். அதனால்தான் உங்கள் மெக்கானிக்கின் கைக்கு அது சிக்கவில்லை. அடுத்த முறை ஒரு துணையோடு போங்கள். ஒரு 12 வோல்ட் டெஸ்ட் பல்பும் மரக் கிளிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி நின்றவுடன் முதல் வேலையாகப் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சத்தம் இல்லையென்றால் பானெட்டைத் தூக்குங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அது போகும்வரை காத்திருங்கள். பிறகு பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் இருக்கும் தடித்த ஒயரை உருவி, மரக் கிளிப்பில் பிடித்து, என்ஜின் பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளி வையுங்கள். துணைக்கு வந்தவர் ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். நீலமாகச் 'சடக்'கென்று பாய்ந்தால், தீப்பொறிக்கான உயர் அழுத்தக் கரண்டைத் தரும் காயில் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லையென்றாலோ திருடன் கரண்ட் பக்கம்தான் ஒளிந்திருக்கிறான்.

அடுத்தது டெஸ்ட் பல்பு. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சிறிய ஒயரில் ஒரு முனை, பாடியில் இன்னொரு முனை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பல்பு மினுக்க வேண்டும். விடாமல் எரிந்தால் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் காயிலின் கரண்டை வெட்டும் முனைகள்) ஒட்டவில்லை. எரியவே இல்லையென்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டன்சர் ஷார்ட்.

உங்கள் வண்டியில் என் முதல் சந்தேகம் கண்டன்சர்மேல்தான். சூட்டில் செத்து ஆறியதும் பிழைப்பது அதன் குணம். அது பழுதானால் பாயிண்டில் பொறி பறக்கும், முனைகள் கருகியிருக்கும். மாற்றும்போது பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வையுங்கள். இன்று கடையில் கிடைக்கும் புதுக் கண்டன்சர்களில் மட்டமானவையும் கலந்திருக்கின்றன. அதனால் நன்றாக ஓடிய பழையது ஒன்று இருந்தால் தூக்கிப் போடாமல் டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சந்தேகம் காயில். கை வைக்க முடியாத சூடு இருந்தால், ஆறியபின் ஒயரைக் கழற்றிவிட்டு இரண்டு சிறிய முனைகளுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 3 ஓம் காட்ட வேண்டும். 1.5 ஓம் காட்டினால் யாரோ வேறு வகைக் காயிலை மாட்டியிருக்கிறார்கள். அது தானும் வெந்து பாயிண்டையும் கருக்கிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன எர்த் ஒயரையும் மறக்காதீர்கள். என்ஜினின் உறிஞ்சு விசை (வேக்குவம்) இழுக்கும்போதெல்லாம் பாயிண்ட் தட்டோடு சேர்ந்து அசைந்து அசைந்து, மேலுறை நன்றாக இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்துபோகும். இரண்டு நாள் தேடி அலுத்த பிறகு இதைக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு. மெல்ல இழுத்துப் பாருங்கள், ரப்பர்போல் நீண்டால் மாற்றிவிடுங்கள்.

தீப்பொறி நீலமாகவே வந்தும் வண்டி கிளம்பவில்லையென்றால் மட்டும் பெட்ரோல் பக்கம் வாருங்கள். இந்த 1489 சிசி என்ஜினில் கார்பரேட்டரும், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வெயில் காலத்தில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டதும் ஸ்டார்ட் ஆனால் காரணம் அதுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை உள்ளிருந்தே உரித்துவிடுகிறது. அவற்றை எப்படியும் மாற்றிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, சூட்டுக்குச் சம்பந்தமில்லாமல் ஒரே சீராக வெடித்துக்கொண்டிருந்தால் டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே உள்ளது) பாருங்கள். 0.015 அங்குலம் இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போயிருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடவில்லை. ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த வார்ப்பிரும்பு ஹெட் (வால்வுகள் இருக்கும் என்ஜினின் மேல்பகுதி) அது, ஈயமில்லாத பெட்ரோலில் வால்வு உட்காரும் சீட் தேய்ந்து உள்ளே இறங்கும். அப்போது ஹெட்டைக் கழற்றிக் கடின சீட் போட வேண்டியிருக்கும்.