உண்டியல், குத்தகை, ஒரு கால பூஜை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் அறநிலையத்துறையிடம் போனால் உண்டியல் பணமெல்லாம் அரசாங்கக் கஜானாவுக்குப் போய்விடும் என்கிறார்களே?
– வாசகி, கோத்தகிரி

பதில்: போகாது. உண்டியல் பணம் அந்தக் கோயிலின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில்தான் சேரும். 1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 92-வது பிரிவுப்படி, வருமானத்தில் 12 விழுக்காட்டுக்கு மிகாமல் துறைக்குப் பங்களிப்பு செலுத்த வேண்டும். தணிக்கைக் கட்டணம் தனி. ஆண்டுக்கு 3 லட்சம் வரும் கோயிலுக்கு 12 விழுக்காடு என்றால் 36,000 ரூபாய். பெரிய கோயில் தாங்கும், சின்னக் கோயிலுக்கு இது பாரம்தான். இந்த விகிதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கஜானாவுக்குப் போகிறது என்ற பேச்சில் இல்லை.

நீங்கள் கண்காணிக்க வேண்டியது உண்டியல் திறப்பை. இரண்டு பூட்டு போட்டு, இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துறை அலுவலரும் அறங்காவலரும் முத்திரையைப் பார்த்த பிறகே பூட்டைத் திறக்க வேண்டும். நோட்டுகளை மதிப்பு வாரியாகப் பிரித்து எண்ணி, பதிவேட்டில் எழுதி, இருப்பவர்கள் கையெழுத்திட்டு, அன்றைக்கே வங்கியில் கட்டிவிட வேண்டும். நகையை எடைபோட்டுத் தனியாகக் குறிக்க வேண்டும். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. நோட்டு ஈரமேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிழியும். அந்த இரண்டு மாதமும் உண்டியலை நிறையும் வரை விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: கோயில் நிலத்தைப் பழைய தர்மகர்த்தா 20 வருடக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மீட்க வழி உண்டா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: உண்டு. அதே அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். இல்லையென்றால் அது செல்லாது. விற்பனை, அடமானம், பரிவர்த்தனை எல்லாவற்றுக்கும் இதே விதிதான். 'இத்தனை வருஷமாக அனுபவிக்கிறேன்' என்ற வாதமும் எடுபடாது. கோயில் சொத்தை மீட்பதற்குக் காலவரம்பு இல்லை என்கிறது 109-வது பிரிவு.

முதல் வேலையாக கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (ஊர் நில விவரப் பதிவேடு) சிட்டாவையும் பாருங்கள். பட்டா சாமி பெயரில் இருக்கிறதா, பூசாரி அல்லது தர்மகர்த்தாவின் சொந்தப் பெயரில் ஏறியிருக்கிறதா? வழக்குகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். பெயர் மாறியிருந்தால் திருத்தம் கேட்டு வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். அவர் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. புல எண், பரப்பு, எல்லையோடு அந்த நிலம் 29-வது பிரிவின் சொத்துப் பதிவேட்டில் இருக்கிறதா என்று உதவி ஆணையர் அலுவலகத்திலும் சரிபாருங்கள். இந்த மூன்று நகல்களையும் கையில் வைத்துக்கொண்டு, 78-வது பிரிவின் கீழ் ஆக்கிரமிப்பை அகற்றக் கேளுங்கள்.

கேள்வி: வருமானமே இல்லாத எங்கள் கோயிலுக்கு அரசு ஏதாவது தருமா?
– வாசகர், குன்னூர்

பதில்: வருமானமில்லாத கோயிலில் தினமும் ஒரு வேளை பூஜையாவது நடக்க உதவும் ஒரு கால பூஜைத் திட்டத்துக்கு உதவி ஆணையரிடம் விண்ணப்பியுங்கள். இதில் ஒரு கோயிலுக்கான வைப்புநிதி 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், பிறகு 2.5 லட்சமாகவும் உயர்ந்திருக்கிறது. அதன் வட்டியில்தான் பூஜை நடக்கும். வட்டி 6 விழுக்காடு என்றால் மாதம் 1,250 ரூபாய். எண்ணெய், திரி, நைவேத்திய அரிசிக்குப் போதும். கூரை ஒழுகினால் போதாது. அதற்குக் கிராமக் கோயில் திருப்பணி நிதியைத் தனி மனுவில் கேட்க வேண்டும். ஒரே மனுவில் இரண்டையும் எழுதாதீர்கள்.