மெஷினுக்கு ‘எஸ்’ உண்டு, மெஷினரிக்கு இல்லை: ஏன்?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருந்து தினமும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவள், மலாய் நன்றாக வரும். இப்போது லைன் லீடர் ஆக்கியிருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் ஆங்கிலத்தில் நாலு வரி ரிப்போர்ட் எழுத வேண்டும். நேற்று எழுதியது இது: ‘த்ரீ மெஷின் ஸ்பாயில். ஐ கிவ் டெக்னீஷியன் மெனி இன்ஃபர்மேஷன்ஸ். நியூ ஸ்டாஃப்ஸ் போரிங். லைன் டூ மோர் பெட்டர்.’ எல்லா வரியிலும் சிவப்பு வட்டம்! பெயர்ச்சொல், பெயரடை இரண்டையும் எங்கிருந்து தொடங்குவது? ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும்.

பதில்: பேச்சில் இதற்கு யாரும் வட்டம் போட மாட்டார்கள். ‘மெஷின் ரோசாக்-லா’ (மெஷின் பழுது) என்றாலே டெக்னீஷியன் ஓடி வந்துவிடுவார். எழுத்துக்குத்தான் கட்டுப்பாடு அதிகம். உங்கள் அரை மணியில் இருபது நிமிடத்தைப் பெயர்ச்சொல்லுக்குக் கொடுங்கள். பெயரடைக்குப் பத்து நிமிடம் போதும். அதில் பாதியைத் தமிழே உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

முதல் வட்டம் ‘த்ரீ மெஷின்’. ‘மூணு மெஷின் ஓடல’ என்றுதான் நாம் பேசுகிறோம். மலாயிலும் ‘தீகா மெசின்’தான், எண் வந்துவிட்டால் பன்மை தேவையில்லை. தெரிந்த இரண்டு மொழிகளும் ஒரே பக்கம் இழுப்பதால் ஆங்கில ‘எஸ்’ கை நழுவுகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் அதற்கு மேலும் என்றால் ‘மெஷின்ஸ்’. ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்பதற்கும் ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’தான், தமிழிலும் அங்கே ‘கள்’ இருக்கிறது, பாருங்கள். ‘ஒவ்வொரு மெஷினும்’ என்று ஒருமையில் சொல்வதுபோல ‘எவ்ரி மெஷின்’.

ஒருமை என்றாலும் எண்ணக்கூடிய பெயர்ச்சொல் தனியாக நிற்காது. முன்னால் ‘எ’, ‘தி’, ‘மை’, ‘திஸ்’ ஏதாவது ஒன்று வேண்டும். தமிழில் ‘ஒரு’ போட இடமிருந்தால் ‘எ’. ‘அந்த’ போட இடமிருந்தால் ‘தி’. ஒரு மெஷின் நின்றது, அந்த மெஷினை டெக்னீஷியன் பார்த்தார்: முதலில் ‘எ மெஷின்’, பிறகு ‘தி மெஷின்’. பெரும்பாலான இடங்களுக்கு இந்தச் சோதனை போதும்.

‘எ’வா ‘அன்’னா என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காதால் கேளுங்கள். ‘எம்சி’ (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) என்பதில் முதல் எழுத்து மெய். ஆனால் வாய் திறக்கும்போது வருவது ‘எ’ ஒலி. ஆகவே ‘அன் எம்சி’, ‘அன் எல்ஆர்டி ஸ்டேஷன்’. ‘யூனியன்’ உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி ‘யூ’, அதனால் ‘எ யூனியன்’.

இரண்டாவது வட்டம்தான் பலரையும் பிடிக்கிறது. ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘எக்யூப்மென்ட்ஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘லக்கேஜஸ்’, ‘அட்வைசஸ்’: ஐந்தும் தவறு. தகவல்கள், கருவிகள், நகைகள், அறிவுரைகள் என்று தமிழ் தாராளமாக எண்ணுகிறது. அதை அப்படியே எடுத்துப்போகிறோம். ஆங்கிலம் இவற்றை நாம் ‘மளிகை’ என்ற சொல்லைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறது. கடைக்குப் போய் ‘இரண்டு மளிகை கொடுங்கள்’ என்று கேட்போமா? பருப்பு, புளி என்று உறுப்பின் பெயர் சொல்வோம். ஆங்கிலத்திலும் குடும்பப் பெயருக்கு ‘எஸ்’ கிடையாது, உறுப்புக்கு உண்டு. மெஷினரி குடும்பம், மெஷின் உறுப்பு. ஃபர்னிச்சருக்குச் சேர், லக்கேஜுக்கு பேக், ஜூவல்லரிக்கு ரிங், ‘வொர்க்’ எண்ண முடியாதது, ‘ஜாப்’ எண்ணலாம். குடும்பப் பெயரையே எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் ‘டூ பீசஸ் ஆஃப் எக்யூப்மென்ட்’. இவற்றுக்கு ‘மெனி’ வராது, ‘மச்’ அல்லது ‘எ லாட் ஆஃப்’. வினை எப்போதும் ஒருமை, ‘தி இன்ஃபர்மேஷன் இஸ் ராங்’.

‘ஸ்டாஃப்’ கொஞ்சம் வேறு. அது ஒரு குழுவின் பெயர். நம் பள்ளிகளில் கற்றுத்தரும் பிரிட்டிஷ் வழக்கில், ‘எஸ்’ இல்லாமலேயே ‘தி ஸ்டாஃப் ஆர்’ என்று பன்மை வினை எடுக்கும். ஒருவரைக் குறிக்க ‘எ ஸ்டாஃப் மெம்பர்’. கடைப்பலகைகளில் வேறு மாதிரி பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துக் கற்க வேண்டாம்.

பெயரடைக்கு வருவோம். ‘பெரிய வீடு’ என்று தமிழ் முன்னால் வைக்கிறது, ‘ரூமா பெசார்’ என்று மலாய் பின்னால் வைக்கிறது. இந்த விஷயத்தில் தமிழைப் பின்பற்றுங்கள்: ‘பிக் ஹவுஸ்’. ஒன்றுக்கு மேல் வந்தாலும் பெரும்பாலும் தமிழ் வரிசையே சரியாக வரும். ‘அழகான பழைய மர வீடு’ அப்படியே ‘எ பியூட்டிஃபுல் ஓல்ட் வுடன் ஹவுஸ்’. பன்மையிலும் பெயரடைக்கு ‘எஸ்’ ஒட்டாது.

அளவு பெயரடையாகும்போதும் இந்த விதிதான். பத்துமலை முருகன் சிலை 140 அடி உயரம் என்பது ‘140 ஃபீட் டால்’. அதையே சிலைக்கு முன்னால் வைத்தால் ‘எ 140-ஃபுட் ஸ்டாச்யூ’. அங்குள்ள 272 படிகளும் அப்படித்தான், ‘272 ஸ்டெப்ஸ்’ ஆனால் ‘எ 272-ஸ்டெப் கிளைம்ப்’. உங்கள் ரிப்போர்ட்டில் இது ‘எ டென்-மினிட் பிரேக்’ என்று வரும்.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடம் வேறு. ‘மெஷின் பழுது’ என்றால் தமிழில் வாக்கியம் முடிந்தது. ‘மெசின் ரோசாக்’ என்றால் மலாயிலும் முடிந்தது. ஆங்கிலத்தில் நடுவே ‘இஸ்’ அல்லது ‘ஆர்’ இல்லாமல் முடியாது. ‘ஸ்பாயில்’ வினைச்சொல் வேறு. பெயரடை தேவைப்படும் இடத்தில் அது நிற்காது. ‘ஸ்பாயில்ட்’ என்றால் கெட்டுப்போன பால், மீன் நினைவுக்கு வரும். மெஷினுக்கு ‘ஃபால்ட்டி’ அல்லது ‘நாட் வொர்க்கிங்’ எழுதுங்கள்.

அடுத்து ‘போரிங்’. புதியவர்களுக்குச் சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல வந்தீர்கள். எழுதியதோ, அவர்கள் பிறருக்குச் சலிப்பூட்டுகிறார்கள் என்று! தமிழில் ‘ஊட்டு’ என்று சொல்ல முடிந்தால் ‘இங்’, ‘அடை’ என்று சொல்ல முடிந்தால் ‘எட்’. சலிப்பூட்டும் வேலை ‘போரிங்’. சலிப்படைந்த ஆள் ‘போர்ட்’ (பலகையைச் சொல்லும் அதே ஒலிதான், எழுத்து மட்டும் வேறு). குழப்புவது ‘கன்ஃப்யூசிங்’, குழம்பியவர் ‘கன்ஃப்யூஸ்ட்’.

‘ஷி இஸ் வெரி பியூட்டி’ என்ற வகைப் பிழைக்கும் ஒரு சோதனை உண்டு. தமிழில் ‘ஆன’ சேர்த்தால் பெயரடை: அழகு ‘பியூட்டி’, அழகான ‘பியூட்டிஃபுல்’, ஆபத்து ‘டேஞ்சர்’, ஆபத்தான ‘டேஞ்சரஸ்’.

ஒப்பிடும்போது தமிழில் ‘விட’ ஒன்றே எல்லா வேலையையும் பார்த்துவிடும், ‘பெரிய’ மாறாது. ஆங்கிலத்தில் ‘தேன்’ வந்தாலும் பெயரடையும் மாற வேண்டும்: ‘பிக்கர் தேன்’. நீண்ட சொல்லானால் ‘மோர் டேஞ்சரஸ்’. ‘பெட்டர்’ ஏற்கெனவே மாறிய வடிவம்; அதன் தலையில் ‘மோர்’ ஏற்றாதீர்கள்.

பயிற்சிக்கு ஒரு கோடு போட்ட நோட்டு போதும். உங்கள் லைனில் கண்ணில் படும் ஐந்து பொருள்களை தினமும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘எ’/‘அன்’ வடிவம், பன்மை, பொருத்தமான ஒரு பெயரடை. பன்மை கிடையாது என்றால் அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். அந்தக் குறிகள்தான் பிறகு கண்ணில் நிற்கும். ரிப்போர்ட் எழுதியதும் சூப்பர்வைசருக்கு முன் நீங்களே பெயர்ச்சொற்களைச் சுற்றி பென்சிலால் வட்டம் போட்டு, எண்ணலாமா, எத்தனை, முன்னால் என்ன என்று கேளுங்கள். நாலு வரிக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

உங்கள் வரிகள் இப்படி மாறும்: ‘த்ரீ மெஷின்ஸ் ஆர் ஃபால்ட்டி. ஐ கேவ் தி டெக்னீஷியன் எ லாட் ஆஃப் இன்ஃபர்மேஷன். தி நியூ ஸ்டாஃப் ஆர் போர்ட். லைன் டூ இஸ் பெட்டர்.’ இலக்கணம் சரியாகிவிட்டாலும், மூன்றாம் வரியை மேலிடம் வாசிக்கும் ரிப்போர்ட்டில் விடலாமா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.